வன்னிக்கு வீதியும் தண்ணீரும் சும்மா வந்தவையா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 4 செப்டெம்பர் 2025

“வன்னியில் யாரும் வரி கட்டுவதில்லை. ஏ-9 வீதி, ரயில், கரண்ட், இப்போது வட்டுவாகலில் பாலம், எல்லாமே வெளியார் காசில் வந்தவை. ஒரு சதம் போடாதவர்கள் வீதியில் குழி, குழாயில் தண்ணீர் இல்லை என்று ஏன் ஒப்பாரி வைக்கிறீர்கள்?”

4 செப்டெம்பர், இரவு

“ஒரு சதம் போடாதவர்கள்” என்றதற்கு முதலில் பதில். கிளிநொச்சிச் சந்தையில் மீன் விற்கிற அம்மா சவர்க்காரம் வாங்கும்போதும் போனுக்கு ரீலோட் போடும்போதும் வற் வரி கட்டுகிறா. 2024 ஜனவரியில் அது 15 வீதத்திலிருந்து 18 வீதமானது, பெற்றோல், டீசல், காஸ் எல்லாம் அதற்குள் வந்தன. வருமான வரி கட்டுகிறவருக்குக் கையில் ஒரு கடதாசி இருக்கிறது, அவர் வரி கட்டியவர். மீன்காரம்மாவிடம் கடதாசி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த நாட்டு வரி வருமானத்தில் பெரும்பகுதி இப்படிப் பொருளோடு பொருளாகப் போவதுதான்.

இரண்டாவது, கடனையும் நன்கொடையையும் ஒரே சாக்கில் போடாதீர்கள். ஓமந்தைக்கு வடக்கே தண்டவாளம் போட்டது இர்கொன் என்ற இந்திய நிறுவனம், காசு இந்தியக் கடன். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் போனது. ஏ-9 திருத்த வேலையில் சீனக் கடன். இவை திறைசேரி வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியவை, கட்ட முடியாமல் 2022 ஏப்ரலில் கைவிரித்த கதை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஏறிய விலையையும் வரியையும் வன்னிச் சனமும்தான் சுமந்தது. நன்கொடை என்றால் இந்திய வீட்டுத்திட்டம், வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா. அதிலும் மேற்கொண்டு கடன்பட்டுக் கூரையேற்றிய வீடுகள் எத்தனை என்று ஒரு குடியேற்றத் திட்டத்துக்குள் போய்க் கேட்டுப் பாருங்கள்.

வட்டுவாகல் பாலம் வெளிநாட்டுக் காசு அல்ல. இரண்டு நாளுக்கு முன் ஜனாதிபதி வந்து தொடக்கிவைத்தார், ஒதுக்கியது சுமார் 140 கோடி, அது அரசாங்கத்தின் சொந்த நிதி.

5 செப்டெம்பர், காலை

நேற்று எழுதியதை இன்னொரு தரம் வாசித்தேன். சூட்டில் எழுதியது, ஆனால் முக்கியமான இடத்தைத் தொடவில்லை. யார் வரி கட்டுகிறார் என்பதைவிட, செலவு எத்தனை தலையில் பகிரப்படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஏ-9 உடைந்தால் அந்தச் செலவு இரண்டு கோடிச் சனத்தின் மேல் பரவும். எங்கள் ஒழுங்கை உடைந்தால் அந்த ஒழுங்கையில் இருக்கிற இருபது வீட்டின் மேல் விழும். பெரியதைத் திறக்க அமைச்சர் வருவார், சின்னதை ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர்களிலேயே கையில் காசு குறைந்த ஊர் எது, முழுச் செலவையும் தானே சுமக்கிற ஊர் எது என்று பார்த்தால் இரண்டும் ஒரே ஊராக இருக்கும்.

இதற்கு எங்கள் தண்ணீர்ச் சங்கத்தையே சாட்சிக்கு இழுக்கலாம், பிறகு எழுதுகிறேன். இப்போது வயலுக்குப் போக வேண்டும்.

5 செப்டெம்பர், மதியம்

வீதி யாருடையது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, அது மத்திய அரசு. சி, டி தரம் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சம் பிரதேச சபைக்கு. குளக்கட்டின் மேலே போகிற வீதியும் வாய்க்கால் கரையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு. காட்டோரம் போகிற பாதை என்றால் வனவளத் திணைக்களம் வந்து நிற்கும். ஒரே மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலம் ஓடினால் நான்கு உரிமையாளரின் நிலத்தைத் தாண்டிவிடலாம், குழி மட்டும் எல்லா இடத்திலும் ஒரே ஆழம்.

8 செப்டெம்பர்

“பிரதேச சபைக்குக் காசு இல்லை என்பது சும்மா சாட்டு” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சாட்டும் உண்டு, உண்மையும் உண்டு. சபைக்குக் காசு வருகிற வழி என்ன? ஆதன வரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, மாகாணம் வழியாக வருகிற முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும். ஆதன வரி ஊர் முழுவதும் அறவிடுவதல்ல, கட்டடங்கள் நெருங்கிய இடமாகப் பிரகடனம் செய்த பகுதிக்குள்தான். முத்திரைத் தீர்வை காணி கைமாறினால் வரும். வன்னியில் கனபேர் இருப்பது அனுமதிப்பத்திரக் காணியில், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்தது, அதை நினைத்தபடி விற்க முடியாது. விற்பனை இல்லாத இடத்தில் தீர்வை எங்கிருந்து வரும்? கொழும்பில் ஒரு தொடர்மாடி வீடு கைமாறும்போது அங்குள்ள சபைக்குச் சேர்வதை எங்கள் பக்கச் சபை வருடக் கணக்கில் தேட வேண்டும்.

அதோடு, 2023 மார்ச்சிலிருந்து 2025 மே 6 தேர்தல் வரை சபைகளில் தெரிவான ஆட்களே இல்லை, செயலாளர்தான் நடத்தினார். வட மாகாண சபை இன்னும் மோசம், 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, இன்றுவரை தேர்தல் இல்லை. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் இத்தனை வருடம் போயிருக்கிறது.

8 செப்டெம்பர், இரவு

டிப்பரை மறந்துவிட்டேன். மறக்கக்கூடிய சாமானா அது.

மணல் ஏற்றிய டிப்பர் இரவில் எங்கள் கிரவல் வீதியால் போகும். முதல் வாரம் இரண்டு தடம் விழும். பிறகு தடத்துக்குள் தண்ணீர் நிற்கும், நின்ற தண்ணீரில் அடுத்த டிப்பர் இறங்க, மதகின் கொங்கிறீட் குழாய் விளிம்பில் வெடிக்கும். மதகு போனால் வீதி இரண்டாகும். மணல் அகழ அனுமதி கொடுப்பதும் அதற்கு ரோயல்டி அறவிடுவதும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், அது மத்திய அரசின் கை. உடைகிற வீதி பிரதேச சபையின் கணக்கில். வாகன வருமான அனுமதிப்பத்திரக் காசோ மாகாணத்துக்கு. மத்திக்கும் மாகாணத்துக்கும் என்று இரண்டு பெட்டிக்குள் காசு விழுகிறது, எங்கள் மதகுக்கு நேராக ஒரு பெட்டியும் இல்லை.

14 செப்டெம்பர்

சரி, தண்ணீர்ச் சங்கம். கொஞ்சம் நீளும்.

மீள்குடியேறி வந்து சில வருடத்தில் ஒரு திட்டத்தில் குழாய்க்கிணறு அடித்து, மேல்நிலைத் தாங்கி கட்டி, பொதுமோட்டார் போட்டுத் தந்தார்கள். குழாய் தாழ்க்க வாய்க்கால் வெட்டியது ஊர்ச் சனம், வீட்டுக்கு வீடு பங்கு பிரித்து வெட்டினோம், செம்பாட்டுப் பக்கம் விழுந்தவன் ஒரு நாளில் முடித்தான், கல்லுப் பக்கம் விழுந்தவன் இன்றும் எங்களைத் திட்டுகிறான். பிறகு சாவியையும் கோப்பையும் சங்கத்திடம் கொடுத்துவிட்டுத் திட்டக்காரர் போய்விட்டார்கள். மாட்டை வாங்கிக் கட்டிவிட்டார்கள், வைக்கோல் யார் போடுவது என்று கேட்க நேரம் இல்லை. பொருளாளர் வேலைக்கு ஆள் தேடியபோது நான் கூட்டத்தின் பின்வரிசையில் கண்ணயர்ந்திருந்தேன், விழித்தபோது தெரிவாகியிருந்தேன்.

சங்கத்துக்கு வரவு மீற்றர் வாசிப்பு. செலவு முதலில் கரண்ட் பில், பிறகு பம்ப் பார்க்கிற தம்பியின் கொடுப்பனவு, குளோரின், உடைந்த வால்வு, சொக்கற். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் அதற்கு மேலே இன்னும் 66 வீதம். எங்கள் யூனிற் விலையோ பழைய கூட்டத் தீர்மானத்தில் நின்றது. விலையை ஏற்றுவோம் என்று நான் கூட்டத்தில் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஊரில் வேறு பெயர்.

அதைவிடக் கரைச்சல் மாரி. ஐப்பசி, கார்த்திகையில் வளவுக் கிணறு நிரம்பிவிடும், யாரும் குழாயைத் திறக்கமாட்டார்கள், வரவு படுத்துவிடும். ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயடிக்கு வந்து “ஏன் வேகம் இல்லை” என்பார்கள். மோட்டார், தாங்கி, குழாய் எல்லாம் வருடம் முழுவதும் இருக்க வேண்டும், காசு மட்டும் மூன்று நான்கு மாதம்தான் வரும். அதனால்தான் நிலையான கட்டணம் என்று ஒன்று எங்கும் இருக்கிறது. மின்பட்டியலில் ஒரு யூனிற்றும் எரிக்காவிட்டாலும் ஒரு தொகை நிற்கிறதே, அது கொள்ளை அல்ல, கம்பியும் கம்பமும் உங்கள் வாசலில் காத்து நிற்பதற்கான விலை. இதைப் பொருளாளராகும் வரை நானும் கொள்ளை என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன்.

மோட்டார் எரிந்த கதைக்கு வருகிறேன். முக்காலி நட்டு, செயின் புளொக் கொழுவி, கிணற்றுக்குள்ளிருந்து குழாயைத் துண்டு துண்டாக இழுத்தோம். ஒவ்வொரு துண்டையும் கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொண்டு, மேலே வந்த துண்டைக் குறடால் கழற்ற வேண்டும், பிடி நழுவினால் மிச்சம் முழுவதும் மோட்டாரோடு அடியில் போய்விடும். வெளியே வந்த மோட்டாரின் மேல் காவி நிறப் பாசி, வாய்ப்பக்கத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு, கழற்றியதும் எரிந்த வார்னிஷ் மணம். வைண்டிங் கருகிப்போயிருந்தது. புதியது வாங்க வேண்டும் என்றதும் சங்கத்தின் வங்கிப் புத்தகத்தைத் திறந்தோம். மோட்டாரின் வாலை வாங்கும் அளவுக்குத்தான் காசு.

ஆளுக்கு ஆள் போட்டுச் சேர்த்தோம், நடந்தது. ஆனால் பாருங்கள், நகரத்தில் நீர்வழங்கல் சபையின் குழாயில் பம்ப் எரிந்தால் அந்த வீதிக்காரர் உண்டியல் குலுக்குவதில்லை. நாடு முழுவதும் ஒரே கட்டணம், பெரிய கணக்கில் கரைந்துவிடும்.

14 செப்டெம்பர், பின்னிரவு

“வால்” பகிடி. மோட்டாருக்கு வால் இல்லை என்று யாரும் எழுத வேண்டாம், கேபிளைச் சொன்னேன்.

21 செப்டெம்பர்

யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், “இரணைமடுத் தண்ணீரை எங்களுக்குத் தராமல் மறித்துவிட்டு இப்போது கட்டணம் பற்றிப் பேசுகிறீர்களா” என்கிறார். அண்ணை, அதையும் கணக்காகவே பார்ப்போம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் வந்தபோது, இரணைமடுவைத் திருத்தி நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுபோவதுதான் யோசனை. சுமார் 21 ஆயிரம் ஏக்கர் அந்தக் குளத்தை நம்பி இருக்கிறது. மாரியில் செய்கிற காலபோக நெல் மழையில் தப்பும், கோடையில் செய்கிற சிறுபோகம் முழுக்கக் குளம்தான், அந்த நீரில் ஒரு பங்கு போனால் எத்தனை ஏக்கர் குறையும் என்பதை யார் ஈடு செய்வது என்ற கேள்விக்கு விவசாயிகளுக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. கடைசியில் தாழையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி, 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். நாளுக்கு 24 ஆயிரம் கனமீற்றர். கடல்நீரை உப்பகற்றுவது கரண்டைக் குடிக்கிற வேலை, குளத்து நீரைவிட எவ்வளவோ செலவு. அந்தக் கூடுதல் செலவு உங்கள் பில்லில் தனியாக வராது, நாட்டுக் கட்டணத்துக்குள் பரவிவிடும். அதில் எனக்குப் பொறாமை இல்லை, குடாநாட்டுக் கிணறுகள் பட்டபாடு எனக்கும் தெரியும். உங்கள் குழாய்க்கு நாடே தோள் கொடுக்கலாம் என்றால் எங்கள் மோட்டாருக்கு ஏன் முடியாது என்றுதான் கேட்கிறேன்.

22 செப்டெம்பர்

அண்ணர் கோபிக்கவில்லை, “மோட்டாரின் வாலுக்கு நான் தருகிறேன்” என்று எழுதியிருக்கிறார். வங்கி இலக்கம் கேட்டு வராதவரை பகிடி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

2 ஒக்டோபர்

வாய்க்கால் துப்பரவுக்கு அறிவித்தல் வந்திருக்கிறது. காலபோகக் கூட்டத்தில் மாவட்டச் செயலாளர் தலைமையில் நீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, கட்டாக்காலி மாட்டுக்குத் தண்டம், எல்லாம் தீர்மானிப்பார்கள். அதற்கு முன் கமக்காரர் அமைப்பு தன் பங்கு வாய்க்காலைத் துப்பரவாக்க வேண்டும். துருசும் (குளத்து நீரைத் திறந்துவிடுகிற கதவு) பெரிய வாய்க்காலும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, கிளை வாய்க்கால் எங்களுக்கு. வராதவன் கூலி ஆள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும்.

இதைப் புதிது என்று நினைக்காதீர்கள். 1848இல் டொரிங்டன் ஆளுநராக இருந்தபோது வந்த வீதிச் சட்டமும் இதே கணக்குத்தான், 18 முதல் 55 வயது வரையான ஆண் ஒவ்வொருவனும் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், முடியாதவன் காசு கட்ட வேண்டும். அந்த வருடம் மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் வெடித்ததற்கு அந்த வரிகளும் ஒரு காரணம். காசு உள்ளவன் கட்டிவிட்டு வீட்டில் இருப்பான், இல்லாதவன் கல் உடைப்பான். எங்கள் வாய்க்காலிலும் இன்று வெட்டப் போகிறவர்கள் யார், கூலி அனுப்புகிறவர்கள் யார் என்று ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் தெரியும்.

காசாகவே வாங்கிப் பார்க்கவும் செய்தார்கள். 1984இல் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களில் பராமரிப்புக்கு ஏக்கருக்கு வருடம் 100 ரூபா என்று தொடங்கினார்கள். முதலில் கொஞ்சம் சேர்ந்தது, பிறகு வருடாவருடம் விழுந்து படுத்துவிட்டது. கட்டிய காசு தன் வாய்க்காலுக்கு வந்ததா என்று கமக்காரனுக்குத் தெரியவில்லை, கட்டாதவனுக்கும் தண்ணீர் வந்தது, பிறகு யார் கட்டுவான்? 1980களின் கடைசியில் கிளை வாய்க்காலை விவசாயிகளிடமே ஒப்படைக்கிற கொள்கைக்கு மாறினார்கள். காசு வாங்க முடியாத இடத்தில் உடம்பை வாங்குவது என்று ஒரு கிழவர் சொன்னார். எனக்கு அது முழுச் சரி என்று படவில்லை. தன் வாய்க்காலைத் தான் வெட்டும்போது மடைவாயில் யார் கல் வைத்துத் தண்ணீரைத் திருப்பியிருக்கிறான் என்பதும் தெரியவருகிறது, அது எந்த ரசீதிலும் கிடைக்காது.

11 ஒக்டோபர்

ஒரு பொடியன் “இயக்கக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்த்தது” என்கிறான், புலிகளின் காலத்தைச் சொல்கிறான். சுருக்கமாக. 2002இல் பாதை திறந்ததிலிருந்து 2006 ஓகஸ்டில் மூடும்வரை ஏ-9 ஆல் வந்த சாமானுக்கு ஓமந்தைக்கு இப்பால் இயக்கத்தின் வரி இருந்தது, அதுவும் சவர்க்கார விலையில் ஏறித்தான் சனத்திடம் வந்தது. ஆசிரியருக்கும் கச்சேரிக்காரருக்கும் ஆஸ்பத்திரிக்காரருக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. கரண்ட் கம்பி கிடையாது, ஜெனரேற்றர் வைத்திருந்தவர் பக்கத்து வீட்டுக்கு ஒரு பல்ப் இழுத்துவிட்டு மாதக் காசு வாங்குவார். ஒரு பல்புக்கு அன்று கொடுத்ததை இன்றைய மின்பட்டியலோடு ஒப்பிட்டால் எது மலிவு என்று வாதிட நான் தயார், ஆனால் இந்த இழை அதற்கல்ல.

19 ஒக்டோபர்

நிலையான கட்டணம் பற்றி எழுதியதற்கு ஒரு அக்கா எழுதிய பதில் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. கணவன் இல்லாமல் தனியே பிள்ளைகளோடு இருக்கிற வீட்டுக்கும், ட்ரக்டர் நிற்கிற வீட்டுக்கும் ஒரே நிலையான கட்டணமா என்று கேட்கிறா. எங்கள் சங்கத்தில் அப்படிச் சில வீடுகளுக்கு விலக்குக் கொடுத்தோம். கூட்டத்தில் பெயர் வாசித்தோம், அங்கேதான் பிழைத்தது. ஒரு பெண் எழுந்து, “என் பெயரை வெட்டுங்கள், நான் கட்டுகிறேன்” என்றுவிட்டுப் போனா. அதற்குப் பிறகு பெயர் வாசிப்பதில்லை, முதல் சில யூனிற் எல்லாருக்கும் மலிவு, மேலே போனால் விலை கூட என்று வைத்தோம். மின்சார சபையின் படிமுறையும் ஏறக்குறைய இப்படித்தான். இதிலும் ஓட்டை உண்டு, பிள்ளை குட்டி கூடிய ஏழை வீடு கூட எரிக்கும், தனிக்கட்டைப் பணக்காரன் குறைய எரிப்பான். ஆனாலும் கூட்டத்தில் பெயர் வாசிப்பதைவிட நல்லது.

மோட்டாருக்கென்று ஒவ்வொரு பில்லிலும் ஒரு சின்னத் தொகையைத் தனிக் கணக்கில் போடுகிறோம், தேய்மான நிதி என்று பெயர். கோயில் திருவிழாக் குழு அதில் கைமாற்றுக் கேட்டு வந்தது. கொடுக்கவில்லை. அதற்கும் ஊரில் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

2 நவம்பர்

கனடாவிலிருந்து ஒருவர் கேட்கிறார், சொந்த ஊர் ஒழுங்கைக்குத் தன் செலவில் தார் போட்டுத் தரலாமா என்று. தம்பி, மனதுக்கு நன்றி, காசை இப்போது அனுப்பாதீர்கள். முதலில் அந்த ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இங்குள்ள உறவினர் ஒருவர் ஒரு விண்ணப்பம் போட்டால் போதும், 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதிவேட்டில் இல்லாத வீதியில் தார் போட்டால் பிறகு அதில் குழி விழும்போது அது உங்கள் வீதி.

தார் வேண்டாம், கிரவல் போடுங்கள், நடு உயர்த்தி இரண்டு பக்கமும் சரிவு வைத்து. இரண்டு பக்கமும் வாய்க்கால் வேண்டும், நல்ல மதகு வேண்டும். காசில் ஒரு பங்கைச் செலவழிக்காமல் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் இரண்டு பேர் கையெழுத்தோடு நிலையான வைப்பில் போடுங்கள், அடுத்த மாரிக்குப் பிறகு அது தேவைப்படும். மதகுக்கு எத்தனை அங்குலக் குழாய் என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டாம். ஒழுங்கையின் கடைசி வளவில் இருப்பவரிடம் கேளுங்கள், வெள்ளம் போகிறது அவர் அடுப்படிக்குள்ளால்தான்.